மூச்சின் வாசல்: ஸ்கூபா வால்வுக்குக் காவல் போட்ட கதை

நீருக்கடியில் மூச்சுவிட்ட வரலாற்றை யார் எழுதினாலும் ரெகுலேட்டரில் ஆரம்பித்து ரெகுலேட்டரிலேயே முடித்துவிடுவார்கள். 1943, பிரான்ஸ், ழாக்-ஈவ் கூஸ்தோ, எமில் கான்யான், அவ்வளவுதான். அந்த ரெகுலேட்டரை எதன் மேல் மாட்டுகிறார்கள் என்று கேட்டால் "சிலிண்டர் மேலதான்" என்று பதில் வரும். ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் குரோமிய முலாம் பூசிய ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் வால்வு. உள்ளங்கைக்குள் அடங்கும். டைவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இந்த வால்வை அடியிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காப்பாற்ற மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்று சில மாதங்களாகக் குறிப்பு எடுத்துவருகிறேன். இதுல வரலாறு என்ன இருக்கு, ஒரு மூடி போட்டா முடிஞ்சுதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் மூடியைத்தான் தேடிப் போனேன். ஆனால் மூடி கதையின் ஒரு சின்னப் பகுதிதான். காவலுக்கு என்று கொண்டுவந்த ஒவ்வொரு பொருளும் கூடவே ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்திருக்கிறது. அந்தத் தொல்லைகளை வரிசையாக அடுக்கினாலே வால்வின் வரலாறு கிடைத்துவிடுகிறது.

சமையலறையிலிருந்து தொடங்குவோம்

நம் வீட்டு கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். 14.2 கிலோ கேஸ். வால்வைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். தூக்குவதற்குக் கைப்பிடி போலத் தெரிந்தாலும், சிலிண்டர் உருண்டாலோ விழுந்தாலோ அடியைத் தான் வாங்கிக்கொண்டு வால்வைக் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. வால்வின் வாயில் நைலான் கயிற்றில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் மூடி. உள்ளே ஒரு கருப்பு ரப்பர் வளையம். சிலிண்டர் போடுகிறவர் மூடியைத் திறந்து அந்த ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்குப் போகும் ஆக்சிஜன் சிலிண்டரில் இன்னும் கனமான ஏற்பாடு: மணி போன்ற ஒரு இரும்புத் தொப்பியை வால்வின் மேல் கவிழ்த்து மரையில் திருகிவிடுவார்கள். தொப்பி போட்டிருக்கும்வரை வால்வை யாரும் தொடவே முடியாது.

ஸ்கூபா சிலிண்டரின் வம்சமும் இந்த வெல்டிங் சிலிண்டர்தான். கான்யான் வேலை பார்த்தது 1902-இல் தொடங்கிய 'ஏர் லிக்கீட்' என்ற தொழிற்சாலை வாயு நிறுவனத்தில். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. வாயுவில் ஓடும் கார்களுக்காக அவர் ஒரு ரெகுலேட்டரைச் செய்துவைத்திருந்தார். 1942 கடைசியில் கூஸ்தோ அவரைச் சந்தித்தபோது இருவர் கையிலும் இருந்தவை தொழிற்சாலைச் சாமான்கள்தான். 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் முதல் சோதனை சரியாக வரவில்லை. தலைகீழாகத் திரும்பினால் காற்று சீராக வரவில்லை. அதைச் சரிசெய்து, அதே ஆண்டு ஜூனில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ இறங்கினார்.

பட்டறை சிலிண்டருக்கும் முதுகில் சுமக்கும் சிலிண்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பட்டறையில் சிலிண்டரைச் சுவரில் சாய்த்து சங்கிலி போட்டு, தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். டைவர் அப்படிச் செய்ய முடியாது. வேலை நடக்கும்போதுதான் சிலிண்டர் பாறையில் இடிக்கும், படகின் விளிம்பில் மோதும், மணலில் புரளும், உப்புத் தண்ணீரில் ஊறும். அந்த நேரத்தில் தொப்பி போட முடியாது, ஏனென்றால் வாயில் ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறது. குமிழைத் திருக வேண்டி வந்தால் டைவரின் கையும் அங்கே போக வேண்டும். காவல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் வால்வு திறந்த வெளியில் நிற்கிறது.

அழுத்தத்தையும் பார்த்துவிடுவோம். கார் டயரில் இருப்பது சுமார் 30 பி.எஸ்.ஐ. இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் அலுமினிய ஸ்கூபா சிலிண்டரில் 3000 பி.எஸ்.ஐ., அதாவது நூறு மடங்கு. 11 லிட்டர் கொள்ளளவுக்குள் 2200 லிட்டருக்கு மேல் காற்றை அடைத்திருக்கிறார்கள். கழுத்தோடு வால்வு முறிந்தால் சிலிண்டர் ராக்கெட் மாதிரி கிளம்பும். இது அபூர்வம். தினமும் நடப்பது சின்ன விஷயங்கள்: ஒரு மணல் துகள், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், லேசாக நசுங்கிய ஒரு விளிம்பு.

உள்ளிருந்து வந்த முதல் பாடம்

அழுக்கு வெளியிலிருந்து வரும், மூடி போட்டால் தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை உடைக்கும் சம்பவம் மிகச் சீக்கிரமே நடந்துவிட்டது. 1946-இல் கூஸ்தோவும் அவருடைய நண்பர் ஃப்ரெடெரிக் துமாவும் தென் பிரான்சின் வோக்லூஸ் ஊற்றுக்குள் இறங்கினார்கள். மலையடிவாரத்தில் பொங்கும் பெரிய ஊற்று அது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பல தலைமுறையாக இருந்தது. கயிறு பிடித்துக்கொண்டு இறங்கியவர்களுக்கு ஆழத்தில் தலை சுற்றியது, யோசனை கலங்கியது, துமா ஏறக்குறைய நினைவிழந்துவிட்டார். இருவரும் உயிரோடு மேலே வந்தது அதிர்ஷ்டம்தான். அடுத்து இறங்கிய ஜோடிக்கும் உடம்பு சரியில்லாமல் போனது.

பிறகு சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றைச் சோதித்தபோது கார்பன் மோனாக்சைடு இருந்தது. காற்றை அடைத்த கம்ப்ரஸர் தன்னுடைய புகையையே திரும்ப உறிஞ்சி சிலிண்டருக்குள் அனுப்பியிருக்கிறது. 'மௌன உலகம்' நூலில் கூஸ்தோ இதை விவரமாகவே எழுதியிருக்கிறார்.

வால்வில் எந்தக் கோளாறும் இல்லை. ஓர் அடி படவில்லை, ஒரு துகள் மண் இல்லை. ஆனாலும் விஷம் அதன் வழியாகத்தான் உள்ளே போனது, அதன் வழியாகத்தான் வெளியே வந்தது. வால்வு இருவழிக் கதவு என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். மூச்சு வெளியே வரும் அதே துளையில்தான் காற்றை நிரப்புகிறார்கள். அதனால் நிரப்பும் நேரம் மூச்சுவிடும் நேரத்துக்குச் சமமான ஆபத்துள்ள நேரம்.

இதன் சின்ன வடிவம் ஒவ்வொரு டைவ் கடையிலும் தினமும் நடக்கிறது. கடலிலிருந்து வந்த சிலிண்டரின் வால்வு வாயில் இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் தங்கியிருக்கும். அதைத் துடைக்காமல் கம்ப்ரஸர் குழாயை மாட்டி 200 பார் அழுத்தத்தில் காற்றை ஏற்றினால் அந்தச் சொட்டு எங்கே போகும்? நேரே சிலிண்டருக்குள்தான். இரும்புச் சிலிண்டராக இருந்தால் அங்கே துரு ஆரம்பிக்கும். அழுத்தமான காற்றில் ஆக்சிஜனும் நெருக்கமாக இருப்பதால் துரு வேகமாகப் பிடிக்கும். ஈரமான இரும்புச் சிலிண்டரை மாதக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் துரு உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே தின்றுவிடும். மீட்டர் முழு அழுத்தம் காட்டும், ஆனால் அந்தக் காற்றை மூச்சிழுக்கிறவருக்கு மயக்கம் வரும். வால்வு வாய்க்குப் போடும் மூடியோ ஒட்டும் டேப்போ உண்மையில் இதற்காகத்தான். வாயைச் சுத்தமாக வைத்தால் வயிறு சுத்தமாக இருக்கும்.

ஒரு குழாய், ஒரு லீவர்

துரு உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டைவர் கீழே பார்த்துத் தலைகுப்புற நீந்துகிறார். சிலிண்டரின் அடியில் கிடந்த துருப்பொடியும் தண்ணீரும் இப்போது வால்வுப் பக்கம் சரிகின்றன. வால்வின் உள்துளை சிறியது. அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த விடையைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. வால்வின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாயைச் செருகி, சிலிண்டருக்குள் நீட்டிவிட்டார்கள். இப்போது சிலிண்டர் தலைகீழானாலும் குப்பை குழாயைச் சுற்றி கழுத்துப் பகுதியில் தேங்கும். காற்று மட்டும் அதற்கு மேலே உள்ள குழாய் வாயிலிருந்து போகும். சாம்பார்ச் சட்டியின் அடியில் கரண்டியை விடாமல் மேலாக மொள்வது மாதிரி. வெளியில் இருந்து பார்த்தால் இந்தக் குழாய் கண்ணில் படாது. வால்வை முழுதாகக் கழற்றும்போதுதான் தெரியும். என் பட்டியலில் பக்கவிளைவு மிகக் குறைவான காவல் இதுதான். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: குழாய் இருக்கிறது என்ற தைரியத்தில் உள்ளே குப்பை சேர விடக்கூடாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி விளக்கு விட்டு உள்ளே பார்க்கும் வழக்கம் டைவ் உலகில் நிலைத்தது.

லீவரின் கதை இதற்கு நேர்மாறு. 1950களில் அமெரிக்காவில் இந்தச் சாதனம் பொழுதுபோக்காகப் பரவியபோது டைவர்களிடம் காற்று மீதியைக் காட்டும் மீட்டர் பொதுவாக இல்லை. எவ்வளவு காற்று மிச்சம் என்று தெரியாமலேயே இறங்கினார்கள். அதற்காக வந்தது 'ஜே' வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங். அழுத்தம் சுமார் 300 பி.எஸ்.ஐ.க்கு இறங்கியதும் மூச்சிழுப்பது கனமாகிவிடும். டைவர் முதுகுப்பக்கம் இருக்கும் கம்பியைக் கீழே இழுத்தால் லீவர் இறங்கும், மிச்சக் காற்று கிடைக்கும், மேலே வந்துவிடலாம். லீவர் இல்லாத சாதாரண வால்வுக்கு 'கே' என்று பெயர். இரண்டும் ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலில் இருந்த வரிசை எழுத்துகள், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லீவர் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாறையில் உரசினால் இறங்கிவிடும். கலிபோர்னியாக் கரையில் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காட்டுக்குள் நீந்தும்போது கொடி சிக்கி இழுத்தாலும் இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் நடப்பது டைவருக்குத் தெரியாது. கடைசியில் மூச்சு கனமாகும்போது கம்பியை இழுப்பார். அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும், மிச்சக் காற்று ஏற்கெனவே செலவாகியிருக்கும். இன்னொரு வினை: இந்த வால்வில் காற்று நிரப்பும்போது லீவர் கீழே இருக்க வேண்டும், டைவுக்கு முன் ஞாபகமாக மேலே ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்தாலும் அதே கதிதான்.

உயிரைக் காக்க வைத்த லீவர், யாரும் கவனிக்காதபோது அந்தக் காவலைத் தானே கழற்றிவிட்டது. 1970களில் நீருக்குள் பார்க்கும் அழுத்த மீட்டர் எல்லோர் கையிலும் வந்ததும் ஜே வால்வுக்கு வேலை இல்லாமல் போனது. இதில் நான் முக்கியமாகக் குறித்துவைத்தது இதுதான்: லீவரை இன்னும் பலமாக, இன்னும் மறைவாகச் செய்து பிரச்சினை தீரவில்லை. டைவர் தன் காற்றைத் தானே அடிக்கடி பார்க்கத் தொடங்கியதும் தீர்ந்தது.

வாய்க்கு இரண்டு வடிவம்

ரெகுலேட்டரை வால்வில் மாட்ட இரண்டு முறைகள் இருக்கின்றன. பழையது யோக். ஒரு இரும்புக் கவ்வி வால்வைச் சுற்றி வரும், பின்னால் ஒரு திருகால் இறுக்குவார்கள். காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் வால்வின் முகத்தில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வெயில், மணல், உப்பு எல்லாம் அதன் மேல்தான் படும். நம் கேஸ் சிலிண்டரின் கருப்பு ரப்பருக்கு என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இதற்கும் நடக்கும். வெடிப்பு விட்டிருந்தாலோ கவ்வியில் பலமாக இடித்தாலோ அந்த ரப்பர் பிதுங்கி வெளியே வந்து காற்று சீறும்.

இன்னொன்று டின். ஜெர்மனியின் தரநிர்ணய நிறுவனத்தின் பெயரின் சுருக்கமே இதன் பெயர். இதில் ரெகுலேட்டர் வால்வுக்குள் மரையாகத் திருகி இறங்கும். ஓ-ரிங் ரெகுலேட்டரின் முனையில், நாலாபுறமும் உலோகம் சூழ அடைபட்டிருக்கும். பிதுங்க வழியில்லை. 300 பார் வரை தாங்கும் வடிவமும் உண்டு. பாறைக் குகைக்குள் போகிறவர்கள் டின்னை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

சரி, டின் வந்ததும் கவலை தீர்ந்ததா? இல்லை. டின் வால்வின் வாய் அகலமான குழி, உள்ளே மரை. ரெகுலேட்டர் மாட்டாத நேரத்தில் சிலிண்டர் கீழே விழுந்து அந்த வாயின் விளிம்பில் அடிபட்டால் வட்டம் லேசாக நசுங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத அளவு நசுங்கல் போதும், ரெகுலேட்டர் மரை ஏறாது. குழிக்குள் விழுந்த மணல் மரையிடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். யோக்கில் ரப்பர் வெளியே கிடந்து கெட்டது, டின்னில் மரை வெளியே கிடந்து கெடுகிறது. அதனால் டின் வாய்க்கு மூடி வந்தது. இன்னொரு வழியாக, டின் குழிக்குள் திருகி வைத்து அதை யோக்காக மாற்றும் ஒரு பித்தளைத் துண்டும் வந்தது. போக்குவரத்தில் அந்தத் துண்டு உள்ளே இருந்தால் வாய் நசுங்காது. மாட்டுவதற்காகச் செய்த பொருள் காவலுக்கும் நின்றது.

மூடியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈரமான வால்வின் மேல் மூடியை அமுக்கிப் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு பித்தளையில் களிம்பு ஏறும். காற்றே போகாதபடி மூடியை இறுக்கினால், வால்வு லேசாகக் கசியும்போது அழுத்தம் மூடிக்கு உள்ளே சேர்ந்து, கழற்றப் போகிறவரின் முகத்தை நோக்கி மூடி பாயலாம். நல்ல மூடி தூசியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பல கடைகளில் மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு: மூடியோ டேப்போ இருந்தால் நிரம்பிய சிலிண்டர், இல்லாவிட்டால் காலி.

குகைக்குள் கூண்டு

வால்வுக்கு அடி படுவதைப் பற்றி மிக அதிகமாக யோசித்தவர்கள் குகை டைவர்கள். கடலில் வால்வு கெட்டால் மேலே போகலாம், குகையில் மேலே கூரைதான் இருக்கிறது. இரண்டு சிலிண்டர்களை ஒரு குறுக்குக் குழாயால் இணைத்து, இரண்டு ரெகுலேட்டர்களைத் தனித்தனி வால்வில் மாட்டும் ஏற்பாடு அங்கிருந்துதான் பரவியது. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் நீலக்குழிகளை ஆராய்ந்த ஜார்ஜ் பெஞ்சமின் என்பவரின் பெயராலேயே அந்தக் குறுக்குக் குழாயை அழைத்தார்கள். ஒரு ரெகுலேட்டர் சீறத் தொடங்கினால் அந்த வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிடலாம்.

இதற்காகக் குமிழ்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. பிளாஸ்டிக் குமிழ் கூரையில் இடித்து உடைந்தது. அதனால் அடியை விழுங்கும் ரப்பர் குமிழ் வந்தது. ரப்பர் உடையாது, ஆனால் பாறையை நன்றாகப் பிடிக்கும். முன்னோக்கி நீந்தும் டைவரின் இடது குமிழ் கூரையில் உரசினால் சக்கரம் மாதிரி உருண்டு மெல்ல மூடிக்கொள்ளும். வலது குமிழ் அதே உரசலில் திறக்கும் பக்கம் உருளும். இடது வால்வில் மாட்டிய ரெகுலேட்டர் செத்துக்கிடப்பது, அதை வாயில் வைக்கும் நேரத்தில்தான் தெரியவரும்.

அடுத்து கூண்டு வந்தது. குமிழ்களைச் சுற்றி வளைத்த இரும்புக் கம்பி. நம் கேஸ் சிலிண்டர் வளையத்தின் தம்பி என்று சொல்லலாம். அடி படுவது நின்றது. ஆனால் குகை டைவருக்குத் திரும்பி வர வழிகாட்டுவது ஒரு மெல்லிய கயிறு. அந்தக் கயிறு கூண்டில் போய்ச் சிக்கியது. முதுகுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், கலங்கிய தண்ணீரில். கூண்டு இருந்தால் கையைக் குமிழுக்குக் கொண்டுபோவதும் கஷ்டம். அடிபடும் ஆபத்தைக் கொடுத்து சிக்கும் ஆபத்தை வாங்கிய கதை. அதனால் திறந்த குகை டைவில் கூண்டை வேண்டாம் என்றவர்களே அதிகம்.

இங்கிலாந்தின் மெண்டிப் மலைக் குகைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே குகைகள் குறுகல், பாதித் தூரம் தவழ்ந்து போக வேண்டும். 1946-இல் அவர்கள் குகை டைவிங்குக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். பின்னாளில் அவர்கள் சிலிண்டரை முதுகிலிருந்து இறக்கி இடுப்புப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார்கள். இன்று பக்கவாட்டுக் கட்டு என்பது உலகமெங்கும் ஒரு தனி முறை. அதில் வால்வு அக்குளுக்குக் கீழே, கண் பார்க்கும் இடத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கூரை முதலில் தொடுவது தோளை, வால்வை அல்ல. புதிதாக ஒரு பொருளும் சேர்க்காமல், இடத்தை மாற்றியே வால்வைக் காத்தார்கள். முதுகில் சுமப்பவர்களும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டார்கள்: கூரையில் இடித்த உடனே கையைப் பின்னால் கொண்டுபோய் குமிழ் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது.

நம் கடலில்

இந்தச் சாதனம் நம் பக்கத்துக் கடலுக்கு வந்த காலமும் அதே 1950கள்தான். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தார்கள். திருகோணமலையில் சுவாமி பாறையின் அடியில் வில்சன் இறங்கியபோது, 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடைத்தன. 1961-இல் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் பாறைத் திட்டில் வில்சன் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார். ஔரங்கசீப் கால வெள்ளி ரூபாய்கள், 1702-இல் அடித்தவை. பைகளில் கட்டிய நாணயங்கள் கடலடியில் உப்பும் பவளமும் ஏறி, பை மக்கிப் போன பிறகும் பையின் வடிவத்திலேயே கட்டிகளாக இறுகிக் கிடந்தன.

அந்த நாணயக் கட்டியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வால்வுதான் ஞாபகத்துக்கு வந்தது. தனித்தனி நாணயங்களை ஒரே கல்லாக்கிய அதே உப்புதான் வால்வின் தண்டுக்கும் மரைக்கும் நடுவில் போய் உட்காருகிறது. கழுவாமல் காயவைத்த வால்வில் உப்புப் படிகம் தங்கும். குமிழைத் திருகும்போது அந்தப் படிகம் உள்ளே இருக்கும் ரப்பரை அரத்தூள் மாதிரி அறுக்கும். மணல் துகள் போய் மூடும் இருக்கையில் உட்கார்ந்தால், கசிகிறதே என்று இன்னும் பலமாகத் திருகுவார்கள். மெத்தென்ற அந்தப் பிளாஸ்டிக் இருக்கையில் பள்ளம் விழும், அடுத்த முறை இன்னும் கசியும்.

மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்தும் சங்கும் குளித்தவர்கள் நூற்றாண்டுகளாக வெறும் மூச்சில் இறங்கினார்கள். இன்று இலங்கையின் வடமேற்குக் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குகிறார்கள். இது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. ஒரே நாளில் பல சிலிண்டர்கள், திறந்த படகு, மேலே வெயில், காலடியில் மணலும் உப்புத் தண்ணீரும். விடுமுறைக்கு வந்து ஒரு முறை இறங்கும் சுற்றுலாக்காரருக்கு, நல்ல தண்ணீர்த் தொட்டியில் அலசி வைத்த சாமான் கிடைக்கிறது. வருஷம் முழுக்க இறங்குகிறவருக்குத்தான் அந்த அலசல் அதிகம் தேவை. வால்வுப் பராமரிப்பு என்று பேசும்போது இவர்களை மனதில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். விலை உயர்ந்த காவல் சாமான்களின் பட்டியல் அங்கே பயன்படாது. ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு மூடியும் பயன்படும்.

கைக்குக் கை வந்தது

இத்தனை ஆண்டு வரலாற்றில் மிச்சமாக நின்றவற்றைத் தொகுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பழக்கங்கள்தான். ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு விநாடி லேசாகத் திறந்து மூடுவது: வாயில் இருக்கும் தண்ணீரும் தூசியும் பறந்துவிடும். வாய் ஆட்களைப் பார்க்காதபடி திருப்பிக்கொண்டு செய்ய வேண்டும். ஓ-ரிங்கை விரலால் தடவிப் பார்ப்பது. குமிழை மெதுவாகத் திறப்பது. ஆக்சிஜன் செறிவான கலவை என்றால் இது இன்னும் முக்கியம், வால்வுக்குள் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்து வேகமாகத் திறந்தால் தீப்பிடிக்கும். சிலிண்டரை ஆள் பிடிக்காமல் நிற்கவைத்துவிட்டுப் போகாதிருப்பது, படகில் படுக்கவைத்துக் கட்டுவது. காற்றை முழுக்கக் காலியாக்காமல் 30 பார் அளவு விட்டுவைப்பது: உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வெளி ஈரம் உள்ளே வராது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வாயைத் துடைத்து, அதற்குப் பிறகு மூடியைப் போடுவது.

தவறு நடந்தால் காட்டிக்கொடுக்கவும் ஒரு சாட்சி இருக்கிறது. ரெகுலேட்டரின் நுழைவாயிலில் சல்லடை போன்ற ஒரு சின்ன உலோக வடிகட்டி உண்டு. வால்வு வழியாக வந்ததெல்லாம் அதில் படியும். செம்பழுப்பு நிறம் என்றால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு. வெள்ளை அல்லது சாம்பல் என்றால் அலுமினியச் சிலிண்டர் அரித்திருக்கிறது. கருப்பு என்றால் கம்ப்ரஸரின் எண்ணெயோ கரியோ காற்றோடு வந்திருக்கிறது. பச்சை என்றால் உப்புத் தண்ணீர் புகுந்து களிம்பு ஏறியிருக்கிறது. பழுதுபார்ப்பவர் அந்த வடிகட்டியைப் பார்த்தே அந்தச் சாமானை எப்படி வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவார்.

ரெகுலேட்டருக்குக் காப்புரிமை இருக்கிறது, பெயர் இருக்கிறது, திரைப்படம்கூட இருக்கிறது. மாட்டுவதற்கு முன் ஒரு விநாடி திறந்து ஊதிவிடும் பழக்கத்துக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு டைவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்து, இப்படியே கைக்குக் கை வந்தது. புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ நீங்கள் ஒருநாள் கடலுக்குள் இறங்கப் போனால், சிலிண்டரைத் தயார் செய்கிறவரின் கையை ஒரு நிமிடம் கவனியுங்கள். மூடியைக் கழற்றுகிறார், ரப்பரைத் தடவுகிறார், வாயை அந்தப் பக்கம் திருப்பிப் 'புஸ்' என்று ஒரு முறை விடுகிறார், பிறகுதான் மாட்டுகிறார் என்றால் தைரியமாக இறங்கலாம். அதைச் செய்யாமல் மாட்டினால், "ஒரு தடவை ஊதிவிட்டு மாட்டுங்க அண்ணே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை, உள்ளே போகப் போவது உங்கள் மூச்சுதான்.